பினாங்குக் கடலில் பணியாற்றிய பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றின் வரலாற்றைத் தொகுக்கும் முறை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மரப் போர்க்கப்பல் ஒன்றைப் பற்றி எழுதத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் அது ஈடுபட்ட கடற்போரிலிருந்தே தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கினால் இரண்டு பக்கத்துக்கு மேல் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. நாற்பது ஆண்டுகள் கடற்படைப் பட்டியலில் இருந்த ஒரு கப்பல் பீரங்கி சுட்ட நேரத்தை மணிக்கணக்கில் எண்ணிவிடலாம். மற்ற காலமெல்லாம் காவல், கடிதப் போக்குவரத்து, கடலளவை, பழுதுபார்ப்பு, ஆளில்லாமல் துறையில் கட்டிக்கிடப்பது என்றே கழிந்திருக்கும். அந்த நீண்ட காலத்தை எப்படித் தேடி எடுப்பது, எடுத்ததை எவ்வளவு நம்புவது, எந்த வரிசையில் எழுதுவது என்பதையே இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டாக எச்.எம்.எஸ். ஹயசிந்த் என்ற சிறிய பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலை வைத்துக்கொள்கிறேன். 1829-இல் இங்கிலாந்தில் நீரில் இறக்கப்பட்ட இது, 1838-39-இல் பினாங்கை ஆதாரத் துறையாகக் கொண்டு, அருகிலுள்ள மலாய் அரசான கெடாவின் கரையை முற்றுகையிட்டது.

கப்பலைத் தேர்ந்தெடுத்தல்

பெயரின் கவர்ச்சியால் மட்டும் ஒரு கப்பலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தமிழ் வாசகருக்கு முதலில் ஆசை மூட்டுவது டிரிங்கோமலி என்ற ஃபிரிகேட்தான் (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்). பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தால் கட்டி 1817-இல் நீரில் இறக்கிய அந்தக் கப்பல், இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதக்கிறது. ஆனால் திருகோணமலையின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அது 1847-க்குப் பிறகு பணியாற்றியது வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள், பசிபிக் ஆகிய கடல்களில். அதன் கதை ஏற்கெனவே விரிவாக எழுதப்பட்டும் விட்டது. நம் கடலோரத்தில் இருந்துகொண்டு அதற்கு நாம் புதிதாகச் சேர்க்கக்கூடியது குறைவு.

அடுத்த ஆசை, பினாங்கிலேயே கட்டப்பட்ட கப்பல். 1809-இல் இங்கே நீரில் இறக்கப்பட்ட 36 பீரங்கி ஃபிரிகேட் மலாக்கா நல்ல பொருள்தான். ஆனால் 1816-இலேயே அது உடைக்கப்பட்டதால் அதன் பணிக்காலம் மிகக் குறுகியது. தவிர, 1853-இல் மோல்மீனில் கட்டப்பட்டு, பின்னர் ஜப்பானுக்குப் போய் சுக்குபா என்று பெயர் மாறிய இன்னொரு மலாக்கா உண்டு. இணையத்தில் தேடும்போது இரண்டின் செய்திகளும் கலந்தே வரும்.

என் கருத்தில், முதன்முறையாக இம்முயற்சியில் இறங்குகிறவர் மூன்று தகுதிகளைப் பார்த்தால் போதும். கப்பல் சிறியதாக இருக்க வேண்டும். அது நம் வட்டாரத்திற்கு வந்த காரணம் தெளிவாகத் தெரிய வேண்டும். அதன் முடிவு ஆவணத்தில் பதிவாகியிருக்க வேண்டும். ஹயசிந்த் மூன்றுக்கும் பொருந்துகிறது. பெரிய கப்பல்களைக் காட்டிலும் சிறிய கப்பல்களே மலாக்கா நீரிணையில் அதிகம் உழைத்தன என்பதால், உள்ளூர் வரலாற்றுக்கும் அவையே அதிகம் உதவுகின்றன.

அடையாளத்தை உறுதிசெய்தல்

கடற்படை தன் கப்பல் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாகத் திரும்பப் பயன்படுத்தியது. ஹயசிந்த் என்ற பெயரில் 1806-இல் ஒரு கப்பல், 1829-இல் நம் கப்பல், 1881-இல் ஒரு கொர்வெட் (சிறு போர்க்கப்பல்), 1898-இல் ஒரு குரூசர், இரண்டாம் உலகப் போரின்போது 1940-இல் இன்னொரு கொர்வெட் என்று வரிசையாக இருந்தன. ஆகவே வேலையின் முதல் நாளிலேயே ஒரு தாளில் கப்பலின் பெயர், நீரில் இறக்கிய ஆண்டு, வகை, பீரங்கி எண்ணிக்கை, உடைத்த அல்லது விற்ற ஆண்டு ஆகியவற்றை எழுதிக் கண்முன் வைத்துக்கொள்ள வேண்டும். கிடைக்கும் ஒவ்வொரு குறிப்பும் அந்த ஆண்டுகளுக்குள் அடங்குகிறதா, தளபதியின் பெயர் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பீரங்கி எண்ணிக்கையைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. ஹயசிந்த் 18 பீரங்கி ஸ்லூப் என்று குறிக்கப்படுகிறது. அந்த எண் முதலில் கப்பலின் தரத்தைக் குறிப்பது. ஒரு குறிப்பிட்ட நாளில் அதன் தளத்தில் எத்தனை பீரங்கிகள் இருந்தன என்பதைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். பிரிட்டிஷ் கடற்படையின் ஆறு தர வரிசைக்குக் கீழே இருந்தவை ஸ்லூப்கள். அவற்றை நடத்தியவர் கமாண்டர் பதவியில் இருந்தவர். மரியாதைக்காகக் கேப்டன் என்று அழைக்கப்பட்டாலும் பதவியால் கேப்டன் இல்லை. பழைய செய்தித்தாளில் கேப்டன் வாரன் என்றும் கடற்படைப் பட்டியலில் கமாண்டர் வில்லியம் வாரன் என்றும் இருந்தால் இருவரையும் வெவ்வேறு ஆட்களாக எண்ணிவிடக் கூடாது.

டன் கணக்கும் குழப்பம் தரும். அக்காலப் பட்டியல்களில் காணப்படும் டன், கட்டுமான அளவை எனப்படும் சூத்திரத்தால் வந்தது: கப்பலின் நீளத்திலிருந்து அகலத்தின் ஐந்தில் மூன்று பங்கைக் கழித்து, அதை அகலத்தாலும் அகலத்தின் பாதியாலும் பெருக்கி, 94-ஆல் வகுப்பார்கள். அது கொள்ளளவின் மதிப்பீடு. எடை என்று எழுதினால் பிழையாகிவிடும்.

பணிக்காலம் வாரியாகச் சட்டகம் அமைத்தல்

பாய்மரப் போர்க்கப்பலின் வாழ்க்கைக்கு இயல்பான அலகு கமிஷன் எனப்படும் பணிக்காலம். ஒரு தளபதி நியமிக்கப்பட்டு, மாலுமிகள் சேர்க்கப்பட்டு, கப்பல் ஆயத்தம் செய்யப்பட்டு, ஏதேனும் ஒரு கடல் வட்டாரத்திற்கு அனுப்பப்படும். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்ததும் ஆட்களுக்குச் சம்பளம் தீர்த்துக் கலைத்துவிடுவார்கள். அதன்பின் கப்பல் பாய்மரங்கள் இறக்கப்பட்டு, அடுத்த நியமனம் வரை சேமக் கப்பலாகத் துறையில் கிடக்கும். டிரிங்கோமலி 1819-இல் போர்ட்ஸ்மத்தை அடைந்த பிறகு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இப்படிக் கிடந்தது. அந்த இடைவெளியை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. அமைதிக் காலத்தில் ஒரு கடற்படை தன் கப்பல்களை எப்படி வைத்துக்கொண்டது என்பதை அந்த இடைவெளிதான் காட்டுகிறது.

சட்டகத்தை அமைக்க நேவி லிஸ்ட் என்ற அதிகாரப்பூர்வப் பட்டியலிலிருந்து தொடங்கலாம். கப்பல், தளபதி, வட்டாரம் ஆகியவை அதில் ஆண்டுதோறும் அச்சிடப்பட்டிருக்கும்; பல தொகுதிகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஹயசிந்த்தின் சட்டகம் ஏறத்தாழ இப்படி அமையும்: 1829-இல் நீரில் இறக்கம்; 1830-களின் நடுவில் பிரான்சிஸ் பிரைஸ் பிளாக்வுட் தலைமையில் ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் கடலளவை; பின்னர் வாரன் தலைமையில் மலாக்கா நீரிணை, கெடா முற்றுகை; 1839 நவம்பரில் சீனக் கரையில் சுவென்பி மோதல்; 1840 ஆகஸ்டில் மக்காவ் எல்லைத் தடுப்பு அருகே நடந்த சண்டை; 1841 ஜனவரியில் சுவென்பிக் கோட்டைத் தாக்குதல்; 1840-களின் நடுவில் ஆப்பிரிக்கக் கரையில் அடிமை வணிகத் தடுப்பு; 1860 முதல் போர்ட்லாண்டில் நிலக்கரிக் கலம்; 1871-இல் உடைப்பு. இந்த ஒன்பது வரிகளுக்கும் தனித்தனிக் கோப்பு திறந்துகொண்டு, ஒவ்வொன்றிலும் கிடைத்ததைப் போட்டுவர வேண்டும். சில கோப்புகள் நிரம்பி வழியும், சில வெறுமையாகவே இருக்கும். எல்லாவற்றையும் சம அளவில் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

லாக் புத்தகத்தைப் படித்தல்

சட்டகத்திற்கு உடல் தருவது கப்பலின் அன்றாடப் பதிவேடான லாக் புத்தகம். லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் கேப்டன்களின் லாக்குகள் ஏ.டி.எம். 51 (ஏ.டி.எம். என்பது கடற்படைத் தலைமை ஆவணங்களின் குறியீடு) என்ற வரிசையிலும், கப்பலைச் செலுத்தும் பொறுப்புடைய மாஸ்டர்களின் லாக்குகள் ஏ.டி.எம். 52 என்ற வரிசையிலும், கப்பல் லாக்குகள் ஏ.டி.எம். 53 என்ற வரிசையிலும் வைக்கப்பட்டுள்ளன. இணையப் பட்டியலில் கப்பலின் பெயரையும் ஆண்டையும் இட்டால் கோப்பு எண் கிடைக்கும். பெரும்பாலான பக்கங்கள் இணையத்தில் ஏற்றப்படவில்லை. நேரில் சென்று படமெடுக்க வேண்டும் அல்லது கட்டணம் செலுத்திப் பிரதி கேட்க வேண்டும். ஆகவே எந்த மாதங்கள் வேண்டும் என்பதைச் செய்தித்தாள்களின் உதவியால் முன்கூட்டியே குறுக்கிக்கொள்வது பணத்தை மிச்சப்படுத்தும். கெடா முற்றுகைக்கு 1838 டிசம்பர் முதல் 1839 மார்ச் வரை கேட்டால் முதற்கட்டத்திற்குப் போதும்.

லாக்கின் பக்கத்தில் மணி, வேகம், திசை, காற்று என்ற பத்திகளும் அவற்றுக்கு எதிரே குறிப்புகளும் இருக்கும். வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கிலும் அதன் பின்னமாகிய பாகங்களிலும் எழுதப்பட்டிருக்கும். நண்பகலில் கணித்த அட்சரேகையும் தீர்க்கரேகையும் தனியே வரும். பழைய லாக்குகளில் கடல்நாள் நண்பகலில் தொடங்கி நண்பகலில் முடிந்தது. 1805-இல் கடற்படைத் தலைமை அதை மாற்றி நள்ளிரவிலிருந்து எண்ணச் சொன்னது. எனவே 1805-க்கு முந்தைய கப்பலைத் தேர்ந்தெடுத்தவர் தேதிகளை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஹயசிந்த் போன்ற பிற்காலக் கப்பலுக்கு இச்சிக்கல் இல்லை.

கரையோரத்தில் நிற்கும் கப்பல் தன் இடத்தை நிலக்குறிகளின் திசையால் எழுதும். கெடாக் கரையில் இதற்கு மிக வசதியான குறி குனோங் ஜெராய். 1,217 மீட்டர் உயரமுள்ள அம்மலை ஆங்கிலேயர் வரைபடங்களில் கெடாச் சிகரம் என்று வழங்கப்பட்டது. ஒரே நேரத்தில் இரண்டு குறிகளின் திசை எழுதப்பட்டிருந்தால், வரைபடத்தில் இரண்டு கோடுகள் போட்டு அவை வெட்டும் இடத்தைக் கண்டால், கப்பல் எங்கே நின்றது என்பது தெரிந்துவிடும். இதைச் செய்து பார்த்தவுடன் முற்றுகையின் இயல்பே விளங்கத் தொடங்கும். கெடாக் கோட்டை நின்ற ஆற்றுமுகமான கோலக் கெடாவுக்கு முன்னால் கடல் வெகுதூரம் சேற்றுத் திட்டாகவும் ஆழமற்றும் கிடப்பதால், ஸ்லூப் போன்ற கப்பல் கோட்டையின் அருகே போக முடியாது. ஆற்றுமுகத்தை அடைக்கத் துடுப்பாலும் பாயாலும் செல்லும் சிறிய பீரங்கிப் படகுகள் தேவைப்பட்டன. ஜார்ஜ் டவுனிலிருந்து கோலக் கெடா சுமார் 40 கடல் மைல். நீர், உணவு, கடிதம் எல்லாம் அந்தத் தொலைவைக் கடந்தே வர வேண்டியிருந்தது.

பினாங்குத் துறையில் கப்பல் நின்ற நாட்களைப் படிக்கும்போது இன்றைய கரையை மனத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. பெங்காலான் வெல்ட் சாலையும் அதன் படகுத்துறைகளும் நிற்கும் நிலம் பிற்காலத்தில் கடலைத் தூர்த்து உருவாக்கப்பட்டது. 1838-இல் கடற்கரை லெபோ பந்தாய் என்ற பழைய பீச் தெருவை ஒட்டியே இருந்தது. கார்ன்வாலிஸ் கோட்டையின் கொடிமரத்தைக் குறியாகக் கொண்டு எழுதிய திசையை இன்றைய வரைபடத்தில் போடும்போது கோட்டை பொருந்தும், கரைக்கோடு பொருந்தாது. துறையில் நிற்கும் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் சரக்கையும் ஏற்றியிறக்கிய சிறு படகுகளைப் பற்றி லாக் அதிகம் பேசாது. ஆயினும் கிங் தெருவின் ஒரு பகுதியைத் தமிழர்கள் படகுக்காரத் தெரு என்று வழங்கியதை நினைத்துப் பார்த்தால், தண்ணீர் பெறப்பட்டது, காய்கறி பெறப்பட்டது என்ற வரிகளுக்குப் பின்னால் யாருடைய உழைப்பு இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ஊகத்தை ஊகம் என்றே எழுதினால் தவறில்லை.

லாக் எதைச் சொல்லாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அது காரணம் சொல்லாது. கெடாவை நோக்கிப் புறப்பட்டோம் என்று எழுதியிருக்கும். ஏன் என்று இருக்காது. தண்டனைக் கசையடிகளின் எண்ணிக்கையை எழுதிவைக்கும் அந்தப் புத்தகம், எதிரே நின்ற மக்கள் யாருக்காகப் போரிட்டார்கள் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாது.

காரணத்தைக் கரையில் தேடுதல்: கெடா முற்றுகை

இந்தப் பகுதியில்தான் பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இருந்து எழுதுகிறவருக்கு லண்டன் எழுத்தாளரைவிட வசதி அதிகம். சியாம் (இன்றைய தாய்லாந்து) 1821-இல் கெடாவைக் கைப்பற்றியதும் சுல்தான் அகமது தாஜுதீன் ஹாலிம் ஷா பினாங்கில் அடைக்கலம் புகுந்தார். 1786-இல் பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வந்த பிரான்சிஸ் லைட்டுக்கு விட்டுக்கொடுத்தபோது கெடா எதிர்பார்த்தது சியாமுக்கு எதிரான பாதுகாப்பை. அது கிடைக்கவே இல்லை. மேலும் 1826-இல் சியாமுடன் செய்துகொண்ட பர்னி ஒப்பந்தத்தின்படி, சுல்தானும் அவரைச் சேர்ந்தவர்களும் கெடாவைத் தாக்க விடாமல் தடுக்கும் பொறுப்பை கிழக்கிந்தியக் கம்பெனியே ஏற்றுக்கொண்டது. 1838-இல் சுல்தானின் உறவினரான துங்கு முகமது சாஅத் தலைமையில் மலாய்ப் படை கெடாக் கோட்டையை மீட்டபோது, கம்பெனியின் ஆளுநர் சாமுவேல் ஜார்ஜ் போனம் அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கடற்படையின் உதவியைக் கேட்டார். ஹயசிந்த் வந்ததற்கு இதுவே காரணம். அதாவது ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் சியாமின் சார்பில், கெடாவின் சொந்த மக்களுக்கு எதிராக, கடல் வழியை அடைத்து நின்றது. 1839 மார்ச்சில் சியாமியப் படை தரைவழியாக வந்து கோட்டையைத் திரும்பப் பிடித்தது. சுல்தான் கெடாவுக்குத் திரும்ப 1842 ஆகிவிட்டது.

அக்கால ஆங்கிலச் செய்தித்தாள்களும் அலுவல் கடிதங்களும் கோட்டையில் இருந்தவர்களைக் கடற்கொள்ளையர் என்று எழுதத் தயங்கவில்லை. அந்தச் சொல்லை நம் எழுத்தில் அப்படியே எடுத்துப் போடுவது, மேற்கோளாகப் போடாத வரையில், அந்தக் காலத்து அலுவலரின் தீர்ப்பை நாமும் ஏற்றதாக ஆகிவிடும். முற்றுகையிடப்பட்டவர்களில் கொள்ளைத் தொழில் செய்தவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் படையின் நோக்கம் இழந்த நாட்டை மீட்பது என்பதைக் கெடாவின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

இந்த முற்றுகைக்கு ஓர் அரிய சாட்சி உண்டு. 1822-இல் சென்னையில் பிறந்த ஷெராட் ஆஸ்போர்ன், ஹயசிந்த்தில் பயிற்சி அதிகாரியாக இருந்தார். பதினாறு வயதில் மலாய்ப் படகோட்டிகள் நிரம்பிய ஒரு பீரங்கிப் படகுக்குத் தலைவராக்கப்பட்டு, கெடா ஆற்றுமுகத்தில் மாதக்கணக்கில் காவல் இருந்தார். பின்னாளில் வட துருவத் தேடல் பயணங்களால் புகழ்பெற்ற அவர், 1857-இல் தன் கெடா அனுபவத்தை நூலாக வெளியிட்டார். மலாய் மாலுமிகளின் பேச்சு, உணவு, அச்சம், நகைச்சுவை எல்லாம் அதில் கிடைக்கின்றன. எந்த லாக்கிலும் கிடைக்காத செல்வம் அது. ஆனால் நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. சிறுவனாகக் கண்டதை முதிர்ந்த அதிகாரி நினைவுகூர்ந்து எழுதுகிறார் என்பதையும், இடையில் அவருடைய கருத்துகள் மாறியிருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. நான் கைக்கொள்ளும் முறை இது: தேதியும் இடமும் லாக்கிலிருந்து, காரணம் ஆளுநரின் கடிதங்களிலிருந்து, மனிதர்களின் நடையும் பேச்சும் நினைவுநூலிலிருந்து. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கொடுத்தால் தவறு நுழைந்துவிடும்.

ஆளுநரின் கடிதங்களுக்கு நீரிணைக் குடியேற்றங்களின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) பழைய அலுவல் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். அவற்றைப் பற்றிக் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், அதாவது அர்கிப் நெகாராவில், முதலில் விசாரிக்கலாம். ஜாலான் டூத்தா என்று நாம் பழகிய அந்தச் சாலைக்கு இப்போது கெடா சுல்தான் ஒருவரின் பெயர் சூட்டப்பட்டிருப்பது தற்செயலான பொருத்தம். செய்தித்தாள்களுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பு போதும். 1835-இல் தொடங்கிய சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ் அதில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தப் பத்திரிகை வாரம் ஒருமுறை வெளிவந்தது, பினாங்குச் செய்தியும் கப்பலில்தான் போய்ச் சேர்ந்தது. ஆகவே பத்திரிகைத் தேதியை நிகழ்ச்சித் தேதியாக எழுதிவிடாமல், செய்திக்குள்ளே குறிப்பிட்டிருக்கும் கடிதத்தின் தேதியைப் பார்க்க வேண்டும். தேடும்போது பினாங்கு, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு என்ற இரண்டு பெயர்களையும், கெடாவுக்கு அக்கால ஆங்கில எழுத்துமுறையில் வழங்கிய குவெடா என்ற வடிவத்தையும் சேர்த்துத் தேடுக. இயந்திரம் படித்த பழைய அச்சில் எழுத்துகள் சிதைந்திருப்பதால், கப்பல் பெயரில் கிடைக்காதது தளபதியின் பெயரில் கிடைப்பதும் உண்டு.

போர் எண்களைச் சரிபார்த்தல்

கெடாவிலிருந்து சில மாதங்களில் ஹயசிந்த் சீனக் கரைக்குப் போய்விட்டது. 1839 நவம்பர் 3 அன்று வாலேஜ் என்ற கப்பலுடன் சேர்ந்து, முத்து ஆற்றின் முகத்தில் உள்ள சுவென்பி அருகே சீனக் கடற்படைப் பிரிவைத் தாக்கியது. இந்த இரண்டு கப்பல்களும் 29 சீனக் கலங்களை அழித்தன என்று சில சுருக்கக் குறிப்புகளில் காணலாம். உண்மையில் 29 என்பது எதிரே அணிவகுத்த போர்க்கலங்களும் தீக்கலங்களும் சேர்ந்த எண்ணிக்கை. மோதலில் ஒரு கலம் வெடித்துச் சிதறியது, சில மூழ்கின, வேறு சில சேதமடைந்து கரை நோக்கி விலகின. எதிரே நின்றவற்றின் தொகை, யாரோ ஒருவரின் கையில் அழிந்தவற்றின் தொகையாக மாறி, பின்னர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி நிலைத்துவிட்டது.

இத்தகைய வீக்கம் போர்க் குறிப்புகளில் வழக்கமானது. எனவே எந்த எண்ணைக் கண்டாலும் அதை யார், எப்போது, யாருக்கு எழுதினார் என்று கேட்க வேண்டும். தளபதி தன் மேலதிகாரிக்கு எழுதிய அறிக்கையில் பதவி உயர்வின் ஆசை கலந்திருக்கும். எதிர்த்தரப்பு தன் அரசருக்கு அனுப்பிய அறிக்கையில் தோல்வியை மறைக்கும் தேவை இருக்கும். சுவென்பி மோதலைச் சீனத் தரப்பு ஆங்கிலக் கப்பல்களை விரட்டியதாகவே பீக்கிங்குக்குத் தெரிவித்தது. இரண்டையும் வைத்துப் பார்த்து, பொதுவாக ஒத்துவருவதை மட்டும் உறுதியாக எழுதி, மற்றதை இன்னார் கூற்று என்று குறிப்பது பாதுகாப்பான வழி. 1841-இன் சுவென்பிக் கோட்டைத் தாக்குதலையும் மக்காவ் சண்டையையும் சில வரிகளில் முடித்துக்கொள்ளலாம். அங்கே பல கப்பல்கள் ஒன்றாக இயங்கியதால் ஹயசிந்த்தின் தனிப் பங்கைப் பிரித்தெடுப்பது கடினம், அதற்காகப் பக்கங்களைச் செலவிட்டுப் பயனும் குறைவு.

ஆட்களின் பெயர்களைத் தேடுதல்

கப்பலில் யார் இருந்தார்கள் என்பதை மஸ்டர் புத்தகம் சொல்லும். ஏ.டி.எம். 37, ஏ.டி.எம். 38 என்ற வரிசைகளில் இக்காலத்துப் புத்தகங்கள் உள்ளன. பெயர், வயது, பிறந்த ஊர், பதவி, சேர்ந்த நாள், நீங்கிய நாள் ஆகியவை பத்தி பத்தியாக எழுதப்பட்டிருக்கும். பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவருக்கு ஆங்கில எழுத்து டி, இறந்தவருக்கு இரட்டை டி, ஓடிப்போனவருக்கு ஆர் என்று ஒற்றை எழுத்துக் குறிகள் இடப்பட்டன. இந்தக் குறிகளை எண்ணினாலே ஒரு கப்பல் வெப்பமண்டலத்தில் பட்ட பாடு தெரியும். பல கப்பல்களில் பீரங்கிக் குண்டைவிடக் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்புமே அதிகம் பேரைக் கொண்டுபோயின. மருத்துவரின் குறிப்பேடு எஞ்சியிருந்தால் அது ஏ.டி.எம். 101-இல் இருக்கும், எல்லாக் கப்பலுக்கும் அது இல்லை.

உள்ளூர் ஆட்களைத் தேடுகிறவர் முதன்மைப் பட்டியலோடு நின்றுவிடக் கூடாது. தற்காலிகமாக ஏற்றப்பட்டு உணவு மட்டும் வழங்கப்பட்டவர்களைக் கூடுதல் ஆட்கள் என்ற தலைப்பில் புத்தகத்தின் பின்பகுதியில் எழுதுவார்கள். வழிகாட்டிகள், மொழிபெயர்ப்பாளர்கள், பீரங்கிப் படகுகளுக்காகக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள் பதிவாகியிருந்தால் அங்கேதான் இருப்பார்கள். பெயர்கள் ஆங்கில எழுத்தரின் காதுக்கு எட்டியபடி எழுதப்பட்டிருக்கும் என்பதால், ஒரு பெயரை வைத்து ஒருவரைத் தமிழர் என்றோ மலாய்க்காரர் என்றோ அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். பிறந்த ஊர் நாகப்பட்டினம் என்றோ பினாங்கு என்றோ எழுதப்பட்டிருந்தால் அதை அப்படியே எடுத்துக்காட்டிவிட்டு நிறுத்துவது நல்லது.

மரத்தின் தேய்வும் கப்பலின் முடிவும்

போரைவிட மரத்துக்குப் பெரிய பகை கடற்புழு. வெப்பக் கடல்களில் மரத்தைத் துளைத்துண்ணும் அந்தப் புழுவைத் தடுக்க, நீருக்குள் இருக்கும் பகுதி முழுவதும் செப்புத் தகடு வேயப்பட்டது. தகடு தேய்ந்தோ கிழிந்தோ போனால் கப்பலைத் துறைமேடையில் ஏற்றிப் புதுத் தகடு வேய வேண்டும். கப்பலின் கட்டுமான அளவுகள், துறைமேடையில் ஏறிய நாட்கள், தகடு வேய்ந்த நாட்கள், செலவு, முடிவு ஆகியவற்றைக் கடற்படைத் தலைமை தனிப் பேரேடுகளில் எழுதிவந்தது, அவை ஏ.டி.எம். 180 வரிசையில் உள்ளன. ஒரு கப்பலுக்குச் சில வரிகளே இருக்கும் என்றாலும், பணிக்காலங்களுக்கு இடையிலான வெற்றிடத்தை நிரப்புவதில் இதற்கு இணையான ஆவணம் வேறில்லை.

ஹயசிந்த்தின் கடைசிப் பதினொரு ஆண்டுகள் பெரும்பாலான குறிப்புகளில் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகின்றன. 1860-இல் அது போர்ட்லாண்டில் நிலக்கரி சேமிக்கும் கலமாக மாற்றப்பட்டது. நீராவிக் கப்பல்கள் பெருகிய அக்காலத்தில் பழைய மரக் கப்பல்கள் பலவற்றுக்கு நேர்ந்த கதி அது: பாய்மரத்தையும் பீரங்கியையும் இறக்கிவிட்டு, வெறும் உடலை நங்கூரத்தில் நிறுத்தி, உள்ளே கரியைக் கொட்டி வைப்பார்கள். இத்தகைய கலத்துக்குத் தளபதியும் இல்லை, பயணமும் இல்லை. எனவே கடற்பயண லாக்கை எதிர்பார்த்துத் தேடிக் காலம் கழிக்க வேண்டாம். துறைமுக அலுவல் கடிதங்களையும் நேவி லிஸ்ட்டின் துறைமுகக் கலங்கள் பகுதியையும் ஆண்டுவாரியாகப் புரட்டினால், கலம் இடம் மாறியதா, எப்போது பட்டியலிலிருந்து நீங்கியது என்பவை தெரியவரும். 1871-இல் அது உடைக்கப்பட்டது. உடைத்த இடத்தையும் மாதத்தையும் பேரேட்டிலிருந்து நேரே எடுத்து, கோப்பு எண்ணுடன் அடையாளத் தாளின் கடைசிக் கட்டத்தில் எழுத வேண்டும். பேரேடு கைக்கு வரும்வரை அந்தக் கட்டத்தை வெறுமையாக வைத்துவிட்டு, ஒன்பது கோப்புகளில் எது நிரம்பியிருக்கிறதோ அதிலிருந்து எழுதத் தொடங்கலாம். ஹயசிந்த்தை எடுத்துக்கொண்டவருக்கு அது பெரும்பாலும் கெடா முற்றுகைக் கோப்பாகவே இருக்கும்.